அறுபது கிலோவுக்கு உட்பட்டோர்

கடல் கடந்து போய் வென்று வருவது சோழ நாட்டு ரத்தத்தில் ஆயிரம் வருடமாக ஓடுகிற குணம். பாய்மரம் விரித்துக் கடாரம் வரை போன மண்ணில், அந்த மரபு அறுந்துவிடாமல் நம் காலத்தில் காத்து நிற்பவன் கீழமருதங்குடி மாரியப்பன் மகன் செழியன். பாய்மரம் என்பது ஒரு பேச்சுக்கு. அவன் திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, தாய்லாந்தில் போய் இறங்கினான். கடலைக் கடந்த நேரம் முழுவதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அங்கே ஒரு சண்டைப் பயிற்சி முகாமில் இருபத்தொன்பது நாள் இருந்துவிட்டு, போகிக்கு முதல் நாள் ஊர் திரும்பினான். யாரையும் வெல்லவில்லை. வெல்வது அந்த முகாமில் சேர்த்தியில்லை.

சோழ ரத்தம் பற்றிய வாசகம் பேருந்து நிறுத்தத்தில் இருபதடி ஃபிளெக்ஸில் இருந்தது. எழுதியவர் செழியனின் தாய்மாமன் ராஜசேகர். அவரிடம் இரண்டு டிராக்டரும், ஒன்றியத்தில் ஏதாவது ஒரு பதவி தன்னைத் தேடிவரும் என்ற நம்பிக்கையும் இருந்தன. காதுகுத்தோ கருமாதியோ, ஊரில் எது நடந்தாலும் அவர் படம் இல்லாமல் நடக்காது. மருமகனை வழியனுப்ப ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார். வரவேற்க இன்னொன்று வைத்தார். இரண்டிலும் செழியன் கைகளைக் கட்டிக்கொண்டு முறைத்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கப்பல், கப்பலுக்குப் பின்னால் ஒரு புலி, இந்த மூன்றையும்விடக் கொஞ்சம் பெரிதாக ராஜசேகர் கும்பிட்டபடி நின்றார். அடியில் மஞ்சள் எழுத்தில், 'அறுபது கிலோ பிரிவில் அகிலத்தை அசைக்க வருகிறான்.'

அகிலம் அசைகிறதோ இல்லையோ, செழியனால் ஓரிடத்தில் அசையாமல் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனை எடுத்துத் தேதி பார்ப்பான். தேதி அவன் பார்க்காத நேரத்திலும் நகர்ந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். அவனுக்கு வயது இருபத்தொன்பது. இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் நாலு வருடம் இருந்துவிட்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை வாங்கிவிடலாம் என்று அதை உதறிவிட்டு வந்திருந்தான். அதற்குத் தேவை மாநில அளவில் ஒரே ஒரு பதக்கம். தங்கம்தான் வேண்டும் என்றில்லை. எந்த நிறமானாலும் சான்றிதழ் சான்றிதழ்தான். ஆனால் வருகிற ஜூனோடு அவன் குறிவைத்த பதவிக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்குள் நடக்கப்போகிற ஒரே மாநில கிக்பாக்சிங் போட்டி பிப்ரவரி கடைசியில், திருச்சியில். அதை விட்டால் பிறகு விண்ணப்பத்தை எடுத்து விசிறிக்கொள்ளலாம். முந்தைய இரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தான். ஏன் தோற்றோம் என்று ஆறு மாதம் யோசித்து, உள்ளூர்க் கிளப்பில் பயிற்சி எடுத்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தான்.

அந்தக் கிளப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஊர் எல்லையில் இருக்கிற நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் களம்தான் பயிற்சிக் கூடம். ஷெட் உத்தரத்தில் உமி அடைத்த சாக்கு ஒன்று தொங்கும். ஓங்கி உதைத்தால் உதைத்தவனுக்குத்தான் தும்மல் வரும். சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் களம் முழுக்க நெல் குவிந்துவிடும். அப்போது இரண்டு குவியலுக்கு நடுவே, ஆள் நடக்கிற அகலத்தில் சண்டை பழகுவார்கள். கீழமருதங்குடிப் பையன்கள் பின்வாங்கவே மாட்டார்கள் என்று மாவட்டத்தில் ஒரு பெயர் உண்டு. பின்வாங்கினால் யார் நெல்லிலாவது கால் படும். அந்த ஆள் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எழுந்து வந்து பரம்பரையைத் திட்டுவான்.

கிளப்பை நடத்துகிற முபாரக்குக்கு முப்பத்துமூன்று வயது. ஒரத்தநாட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் மாநிலத்தில் வெள்ளி வாங்கியவர்; அதைப் பற்றிப் பேசமாட்டார், கேட்டால் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மூக்கு அந்தப் போட்டியில்தான் வளைந்தது. அவரிடம் பழகியவர்களில் கெட்டிக்காரன் பரிதி. அதே கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிற லோடுமேன். செழியனைவிட நாலு மாதம் சின்னவன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெரு, ஒரே எடைப் பிரிவு.

அந்த ஒரே எடைப் பிரிவுதான் சிக்கல். மாவட்டத்துக்கு ஒரு பிரிவில் ஒருவர்தான் போகலாம். அறுபது கிலோவுக்கு மாவட்டத்தில் இருந்த இரண்டு பேரும் இந்தக் களத்தில்தான் இருந்தார்கள். இருவரையும் மோதவிட்டு ஜெயித்தவனை அனுப்பலாம் என்று முபாரக் நினைத்திருந்தார். அதற்குள் வழியனுப்பு ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது.

பரிதிதான் முடித்துவைத்தான். "நான் அம்பத்தேழுக்கு எறங்கிக்கிறேன் மாஸ்டர். சீசன் ஆரம்பிச்சா மூட்டை தூக்கித் தூக்கித் தன்னால எறங்கிடும். அவனுக்கு ஃபிளெக்ஸ்லயே அறுபதுன்னு போட்டுட்டாங்க. அதை இனிமே அழிக்கவா முடியும்?"

செழியன் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். உலகத் தரத்துக்குப் போகிறவனுக்கு உள்ளூர்க்காரன் வழிவிடுவது நியாயம்தானே என்ற தோரணை அந்தத் தட்டலில் இருந்தது.

தாய்லாந்தில் என்ன நடந்தது என்பதை அவன் ஊரில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. முகாமில் அவனோடு பழகியவர்கள் ஒரு ஜெர்மன் பல் டாக்டர், ஓய்வு பெற்ற ஆஸ்திரேலியத் தம்பதி, உடம்பு இளைக்க வந்த நாலு பெண்கள், தேனிலவுக்கு வந்த இடத்தில் மழை பெய்ததால் பொழுதுபோகாமல் சேர்ந்துவிட்ட ஒரு கோயம்புத்தூர் ஜோடி. கடைசி ஜோடியிடம் தமிழ் பேச நேர்ந்துவிடுமோ என்று அவன் எப்போதும் எதிர்ப்பக்கம் போய் நின்றான். பயிற்சியாளர் அவனை 'இந்தியா' என்று கூப்பிட்டார். அவன் உதைத்தாலும் 'வெரி குட்' என்றார். பல் டாக்டர் உதைத்தாலும் அதே 'வெரி குட்'. ஒருநாள் அவன் நிஜமாகவே நன்றாக உதைத்தான் என்று அவனுக்குப் பட்டது. அன்று பயிற்சியாளர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

முகாமைச் சுற்றி வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும். படம் எடுத்தால் பட்டுக்கோட்டை மாதிரியே வந்தது. மரம் படத்தில் விழாத கோணம் தேடித் தேடி, ஒரு சுவர், ஒரு மணல் மூட்டை, தாய் எழுத்தில் ஏதோ ஒரு பலகை இவற்றின் முன் மட்டும் நின்று இருநூறு படம் எடுத்தான். அந்தப் பலகையில் 'கழிப்பறையில் காகிதம் போடாதீர்' என்று எழுதியிருந்ததைக் கடைசி வாரத்தில்தான் தெரிந்துகொண்டான். அதற்குள் அந்தப் படம் வரவேற்பு ஃபிளெக்ஸின் மூலைக்குப் போய்விட்டது. தலைமுடியில் செம்பு நிறம் பூசி, உச்சியில் ஒரு குடுமி போட்டுக்கொண்டு திரும்பினான்.

திரும்பியவன் களத்துக்கு வந்த முதல் நாளே, வெறும் சிமெண்டில் பழகுவது முழங்காலுக்குக் கெடுதல் என்றான். அங்கெல்லாம் ரப்பர் விரிப்பு என்றான். உமிச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கெல்லாம் இதை யாரும் தொடமாட்டார்கள் என்றான். அங்கெல்லாம் தண்ணீரை எப்போது குடிப்பது என்பதற்கே ஓர் ஆள் இருக்கிறார் என்றான். ஒரு வாரத்தில் அவனுக்கு 'அங்கெல்லாம்' என்று பெயர் வந்துவிட்டது. ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அப்புறம் முன்னாலேயே சொன்னார்கள். முபாரக் மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சரி, இங்கே இப்போது ஐம்பது உதை என்பார். செழியன் இருபதில் நிறுத்திவிட்டு, தசைக்கு ஓய்வு தருவதும் பயிற்சியில் சேர்த்தி என்று விளக்குவான்.

இதற்கு நடுவே பொங்கல் வந்தது.

வெளிநாடு போய் வந்தவனைக் கூப்பிட்டுச் சோறு போடாவிட்டால் உறவு முறைக்கே இழுக்கு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். துபாய்க்குப் போய் இரண்டு வருடம் வெயிலில் காய்ந்து வந்தவனுக்கு அது பொருந்தும். இருபத்தொன்பது நாள் போய் வந்தவனுக்கும் அதே விருந்தைத்தான் வைத்தார்கள். அளவு குறைக்கிற ஏற்பாடு எதுவும் இல்லை. பெரும்பொங்கல் அன்று வீட்டில் சர்க்கரைப் பொங்கல். மாட்டுப் பொங்கலுக்கு மாமா ராஜசேகர் வீட்டில் கறி. மறுநாள் சித்தி வீடு, அதற்கு மறுநாள் மன்னார்குடிப் பக்கம் அத்தை வீடு. ஒரு வீட்டில் கறி தின்றுவிட்டு இன்னொரு வீட்டில் வேண்டாம் என்றால், அவங்க வீட்டுச் சோறுதான் இறங்குமா என்ற பேச்சு காலம் முழுக்க நிற்கும். செழியன் எல்லா வீட்டிலும் இலை முன் உட்கார்ந்து, புரதம் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டான். வீரனுக்கு நாலு துண்டு கூடவே வைத்தார்கள். வேண்டாம் என்று கையை மறித்தால், தாய்லாந்துச் சாப்பாடு பழகிவிட்டதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து மறுசோறும் வாங்கினான்.

தை பாதியில் அவன் அறுபத்துநாலு கிலோவைத் தாண்டியிருந்தான். அதை வீட்டிலிருந்த பழைய எடை மெஷின் சொன்னது. அந்த மெஷின் கூடத்தில் வைத்தால் ஒன்று சொல்லும், சமையலறையில் வைத்தால் இன்னொன்று சொல்லும். ஆகவே எது பிடித்ததோ அதை வைத்துக்கொண்டான். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை எடையைப் போட வேண்டும் என்பது முபாரக்கின் சட்டம். செழியன், 'இலக்கை நோக்கி' என்று போட்டு ஒரு தசைப் படத்தைப் பக்கத்தில் வைத்தான்.

ஒருநாள் முபாரக், கடைக்கு வந்து நம் மெஷினில் ஒருதரம் ஏறிவிட்டுப் போ என்று கேட்டார். அங்கெல்லாம் கடைசி வாரத்தில்தான் எடையைக் குறைப்பார்கள், முன்கூட்டிக் குறைத்தால் பலம் போய்விடும் என்று செழியன் பதில் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பரிதி அப்போதுதான் ஒரு லாரிக்கு நெல் ஏற்றிவிட்டு வந்திருந்தான்; முதுகெல்லாம் நெல்சுணை அரிப்பு.

"அப்ப நான் தினமும் ஒரு லாரி பலத்தைத் தொலைச்சுட்டு நிக்கிறேனா மாஸ்டர்?" என்றான்.

கடைசி வாரம் வந்தது. மெஷின் சமையலறையில் அறுபத்துமூன்றும் கூடத்தில் அறுபத்துமூன்றரையும் காட்டியது. இரண்டிலும் பிடித்தது எதுவும் இல்லை.

செழியன் ஓட ஆரம்பித்தான். மேட்டூரை அடைத்துவிட்டதால் ஊரை ஒட்டிய புது ஆறு வறண்டு கிடந்தது. உச்சி வெயிலில் ஆற்றங்கரை மேல், மாமாவின் மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓடினான். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்தி வானத்தைப் பார்த்தார்கள். களத்தில் நெல் காயவைத்திருந்தவர்கள் அவன் ஏன் ஓடுகிறான் என்பதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காய வேண்டும், காய்ந்தால் எடை குறையும் என்ற கணக்கில்தான் அந்த ஊரே தை மாசியில் மூச்சு விடுகிறது. ஆகவே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கச் சொன்னார். ஒருவர் மணிக்கு ஒருமுறை புரண்டு படுக்கச் சொன்னார்.

வீட்டில் அம்மா தங்கம்மாள், மகன் சாப்பிடாததைப் பார்த்துத் தெருவெல்லாம் சொல்லிக் கலங்கினாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று இரண்டு தடவை சுற்றிப் போட்டாள். சுற்றிப் போட்ட பிறகும் அவன் சாப்பிடாததால், தட்டோடு ஆற்றங்கரைக்கே வந்து நின்றாள். அவன் தாயைத் தாண்டி ஓடினான். திரும்பி வரும்போதும் அவள் அங்கேயே நின்றிருந்தாள், மீண்டும் தாண்டினான். வாயில் எலுமிச்சைத் துண்டை வைத்துக்கொண்டு எச்சில் ஊறவைத்துத் துப்பினான். நின்றால் பயம் வந்தது. பயம் வந்தால் ஓடினான். இரண்டு நாள் அப்படிப் போன பிறகு, தான் எடைக்காக ஓடுகிறோமா பயத்துக்காக ஓடுகிறோமா என்பது அவனுக்கே தெரியவில்லை.

திருச்சிக்குப் போவதற்கு முதல் நாள் மெஷின் கூடத்தில் அறுபத்தொன்று, சமையலறையில் அறுபது, கொல்லைப்புறத்தில் ஐம்பத்தெட்டரை காட்டியது. அதைத் தூக்கிக் கூரையோர எறவாணத்தில் வைத்துவிட்டான். அவனுக்கு உண்மை வேண்டியிருந்தது. வருகிற ஜூனில் முடிகிற வயது, உதறிவிட்டு வந்த கம்பெனி, இருபதடி ஃபிளெக்ஸ் எல்லாம் ஓர் எண்ணில் தொங்கின. முபாரக் கடைக்குப் போனால் எண் சரியில்லாத பட்சத்தில் பேச்சு கேட்க வேண்டும். மருந்துக்கடை மெஷினை நம்ப முடியாது. கடைசியில் கொள்முதல் நிலையத்து எலெக்ட்ரானிக் தராசு நினைவுக்கு வந்தது. அரசாங்க முத்திரை குத்திய தராசு. ஊர் நெல் முழுவதும் அதில்தான் ஏறி இறங்குகிறது. கிராம் கணக்கில் காட்டும்.

லோடுமேன்கள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துப் போனான். பரிதி கண்ணில் படக் கூடாது என்பதுதான் அதில் முக்கியம். பில் போடுகிற கிளார்க் செம்மொழி மட்டும் மேஜையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த சீசனுக்கு மட்டும் வேலைக்கு வந்த பெண், கும்பகோணத்துக்காரி, அவனை ஃபிளெக்ஸில் பார்த்திருக்கிறாள். ஒருதரம் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"ஏறிக்குங்க அண்ணே. ஈரப்பதம் பாக்கணும்னா மீட்டர் உள்ள இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டில் இறங்கினாள்.

தராசு மேடையில் ஒரு காலிச் சாக்கு கிடந்தது. செழியன் விஞ்ஞான முறைப்படி நடக்கிறவன். சாக்கின் எடை தன் எடையோடு சேர்ந்துவிடக் கூடாது என்று அதை எடுத்து, மடித்து, ஓரமாக வைத்தான். செருப்பைக் கழற்றினான். செல்போன், சாவி, இடுப்பு பெல்ட், அரைஞாண் கயிற்றிலிருந்த தாயத்து எல்லாவற்றையும் சாக்கின் மேல் வைத்தான். தூணில் மாட்டியிருந்த திரைக்கு முதுகைக் காட்டியபடி ஏறி நின்று, மூச்சை வெளியே விட்டுவிட்டு, மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

59.940.

மூன்று தடவை இறங்கி ஏறினான். மூன்று தடவையும், இறங்கியதும் கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு ஏறினான். மூன்று தடவையும் அதே எண். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். முபாரக் ஒரு கைதட்டல் அனுப்பினார். மாமா ராஜசேகர், பதக்கத்தோடு நிற்கிற ஃபிளெக்ஸுக்கு இடம் பிடித்துவிட்டதாகத் தகவல் அனுப்பினார். ஆறு வாரத்தில் முதல் தடவையாகச் செழியனின் கால் ஆடாமல் நின்றது. அன்று சாயங்காலம் தங்கம்மாள் கொண்டுவந்த தயிர்சாதத்தில் ஒரு கிண்ணம் சாப்பிட்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருச்சியில் உள்விளையாட்டரங்கத்தின் தாழ்வாரத்தில் எடை பார்த்தார்கள். ஐம்பத்தேழில் பரிதி ஏறினான்; 56.300. இறங்கி, ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு ஓரமாக நின்றான். அடுத்து அறுபது. செழியன் குடுமியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று தாய் எழுத்துப் போட்ட கால்சட்டையோடு ஏறினான்.

60.520.

தராசு பழுது என்றான் செழியன். அதிகாரி பக்கத்தில் இருந்த ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்தார். 5.000. ஒரு மணி நேரம் தருகிறோம், அதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி பார்ப்போம், இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவோம் என்றார். மேல் பிரிவில் நிற்கலாமா என்று முபாரக் கேட்டார். அந்தப் பிரிவில் தஞ்சாவூருக்கு வேறு பையன் பெயர் பதிவாகியிருந்தது.

தாழ்வாரத்து மூலையில் பரிதி அவனைப் பிடித்தான். "நேத்து எங்கடா எடை பாத்த?"

"நம்ம சென்டர் தராசுல. அரசாங்க முத்திரை."

"எங்க தராசுலயா?" பரிதி வாழைப்பழத்தைக் கீழே இறக்கினான். "மேல சாக்கு கெடந்துச்சா?"

"கெடந்துச்சு. எடுத்து வச்சுட்டேன். அது என் எடையோட சேரக் கூடாதுல்ல?"

பரிதி மீதிப் பழத்தைத் தோலுக்குள் மூடினான். முபாரக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாக்கு எடை ஐநூத்தி எம்பது கிராம்டா. அதைக் கழிச்சுக் காட்டுற மாதிரிதான் காலையில செட் பண்ணி வைப்போம். நீ சாக்கு மேலயே ஏறி நின்னிருந்தா சரியா காட்டியிருக்கும்."

செழியனின் அப்பா மாரியப்பன் பதினைந்து வருடமாக அந்தத் தராசில் நெல் போடுகிறார். நாற்பது கிலோ மூட்டை சாக்கோடு சேர்த்து நாற்பது கிலோ ஐநூற்று எண்பது என்று அந்த ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தயிர்சாதம் இரவோடு கரைந்துபோயிருந்தது. சாக்கு கரையவில்லை.

அதன் பிறகு நின்று வருத்தப்பட நேரமில்லை. மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு அரங்கத்தைச் சுற்றி ஓடினான். மாடிப்படியில் ஏறி இறங்கினான். துப்பினான். துப்ப ஒன்றும் இல்லாமல் போனது, பரிதி எலுமிச்சை வாங்கிவந்தான், மீண்டும் துப்பினான். மற்ற மாவட்டத்துப் பையன்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவன் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தான். தஞ்சாவூர் என்று முபாரக் சொன்னார், தாய்லாந்தைச் சொல்லவில்லை. நடுவில் மாமா ராஜசேகர் மூன்று தடவை போன் பண்ணினார். பதக்கத்தைக் கழுத்தில் போட்டு எடுப்பதா, கடித்துக்கொண்டு எடுப்பதா என்று கேட்க வேண்டியிருந்தது.

நாற்பது நிமிடத்தில் 60.180. இருபது நிமிடம் பாக்கி. உடம்பில் வேர்ப்பதற்கு இனி ஈரம் இல்லை. தோல் சூடாக, காய்ந்து கிடந்தது. முபாரக் அவன் தலையைப் பார்த்தார். பரிதியும் பார்த்தான். சொல்லத் துணிந்தவன் பரிதிதான்.

"முடியை எடுத்துடு. நூறு நூத்தம்பது கிராம் வரும்."

எதிர்ச் சாரியில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. கடைக்காரர் சமயபுரத்துக்கு வேண்டுதலா என்று கேட்டார். வேண்டுதல்தான் என்றான் செழியன். தாடியும் சேர்த்தா என்றார். தாடியும் சேர்த்து. செம்பு நிறக் குடுமி தரையில் விழுந்தது. புருவம் வேண்டாமல்லவா என்று அவர் கேட்டபோது செழியன் ஒரு நொடி யோசித்தான்.

ஓடி வந்தபோது நாலு நிமிடம் இருந்தது. பரிதியும் முபாரக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். துண்டுக்கு அந்தப் பக்கம் செழியன் தாய் எழுத்துப் போட்ட கால்சட்டையையும், அதற்கு உள்ளே இருந்ததையும், அரைஞாண் கயிற்றையும் கழற்றிவிட்டு ஏறினான்.

60.040.

"நாப்பது கிராம் சார்," என்றார் முபாரக். அவர் யாரிடமும் கெஞ்சிக் கீழமருதங்குடிக்காரர்கள் பார்த்ததில்லை. "இந்த வருஷம் விட்டா பையனுக்கு வயசு முடியுது."

அதிகாரிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாற்பது கிராமுக்கு ஒரு சட்டம், நாலு கிலோவுக்கு ஒரு சட்டம் என்று இல்லை என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவால் பெயரை அடித்தார். செழியன் துண்டைக் கட்டிக்கொண்டு, அதே மேடையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். அடுத்த பிரிவுக்காரன் ஏற வேண்டியிருந்ததால் பரிதி கையைப் பிடித்து இறக்கினான்.

வீட்டுக்குப் போன் பண்ணத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறி எங்காவது போய்விடலாம் என்று வாசல் வரை போனான்; திரும்பினான்; மறுபடி போனான். மூன்றாம் முறை வாசலில் முபாரக் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, பரிதிக்கு ரிங் மூலையில் நிற்க ஆள் வேண்டும் என்றார். அன்று மதியம் முழுக்கச் செழியன் மொட்டைத் தலையோடு பரிதிக்குத் தண்ணீர் கொடுத்து, துண்டால் விசிறி, முகத்தைத் துடைத்துவிட்டான். ஐம்பத்தேழில் பதினான்கு பேர். பரிதி மூன்று சண்டை ஜெயித்தான். ஒரு சண்டையிலும் ஓரடிகூடப் பின்னால் வைக்கவில்லை; நாலாவது சண்டையில் வைத்திருந்தால் தங்கம் வாங்கியிருப்பான் என்று முபாரக் பிறகு சொன்னார். வெள்ளி. அரையிறுதியில் தோற்ற இருவர் கழுத்திலும் வெண்கலத்தைப் போட்டார்கள்; அவர்களில் ஒருவன் கண் வீங்கியபடியே சிரித்துக்கொண்டு போனான்.

பரிதி மேடையில் படத்துக்கு நின்றபோது, சான்றிதழை வாங்கிவரச் செழியன் அலுவலக அறைக்குப் போனான். அறை வாசலில் எல்லாப் பிரிவுகளின் போட்டி அட்டவணையையும் ஒட்டியிருந்தார்கள். காலையிலிருந்து அந்தச் சுவரைப் பார்க்காமலே நடந்துகொண்டிருந்தான். இப்போது வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் பார்த்தான்.

அறுபது கிலோ பிரிவில், அடித்த பெயரையும் சேர்த்து, மொத்தம் நாலு பேர்; முதல் சண்டையே அரையிறுதி.